சோம்பேறி ஊசல்

காய்ச்சல் பரவுகிறது என்று பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். பாடத்தைப் பூட்ட முடியுமா? அது கணினி வழியாக வீட்டுக்கே வந்துவிட்டது.

ஊசல் செய்து, அது ஆடும் நேரத்தை அளந்து, அறிக்கை எழுத வேண்டும். ரலிட்சா வீட்டில் நூல் இல்லை. அந்த ஊரில் மார்ச் பிறந்ததும் எல்லாரும் கட்டிக்கொண்டு, முதல் நாரை கண்ணில் படும்வரை கழற்றாமல் வைத்திருக்கும் சிவப்பு வெள்ளைக் கம்பளிக் கயிறு கையில் இருந்தது. அதைக் கழற்றி, டீச்சர் சொன்ன நீளத்துக்கு அளந்து, ஒரு பூட்டைத் தொங்கவிட்டாள்.

"நாரையைப் பார்க்கறதுக்குள்ள கழட்டிட்டியா? உருப்பட மாட்டே!" திரையில் வகுப்புத் தோழன் போஜிதார் கத்தினான்.

"நாரை வந்தா நான் பேசிக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

குனேவா டீச்சர் விடைகளைப் பார்த்தார். "எல்லாருக்கும் புத்தகத்தில இருக்கற நேரமே வந்திருக்கு. ரலிட்சா, உன் ஊசல் மட்டும் ஏன் சோம்பேறியா ஆடுது? திருத்தி அனுப்பு. இல்லேன்னா மார்க் ரெண்டுதான்."

இரண்டு என்றால் பெயில்.

போஜிதார் ரலிட்சாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினான்: "என்னோடதைப் பார்த்து எழுதிக்கோ."

"நீ ஊசல் செஞ்சியா?"

"எதுக்கு? விடைதான் புத்தகத்தில இருக்கே!"

ரலிட்சாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி ஆட்டினாள். அதே நேரம். இன்னொரு முறை. அதேதான். பூட்டு தொங்கும்போதே அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அட! கம்பளிக் கயிறு இழுபட்டு நீண்டிருந்தது. நீளமான ஊசல் மெதுவாகத்தானே ஆடும்!

"டீச்சர், நேரத்தைத் திருத்த மாட்டேன்!"

ரலிட்சா மூச்சு விடாமல் தொடர்ந்தாள்.

"நீளத்தைத்தான் தப்பா எழுதிட்டேன். பூட்டு மாட்டறதுக்கு முன்னாடியே அளந்துட்டேன். அந்தத் தப்பையும் அறிக்கையில எழுதறேன். ஆனா என் ஊசல் ஆடினது ஆடினதுதான். ரெண்டு மார்க் போட்டாலும் சரி!"

அளவுகோலையும் கயிற்றையும் கேமரா முன் பிடித்தாள். டீச்சர் மூக்கு திரையில் முட்டும் அளவுக்கு நெருங்கி வந்து பார்த்தார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன் ரலிட்சா. இப்படியே எழுதி அனுப்பு" என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சரி, உங்க ஊசலை எல்லாம் காட்டுங்க பார்ப்போம்."

ஒவ்வொரு கேமராவாக அணைந்தது.

"டீச்சர், எங்க வீட்டில நெட் போயிடுச்சு!" போஜிதாரின் குரல் கணீரென்று கேட்டது.

ரலிட்சா கயிற்றை மறுபடி கையில் கட்டினாள். முன்பு முடிச்சுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்த கயிற்றில், இப்போது அழகாக ஒரு பூ முடிச்சு போடவே மிச்சம் இருந்தது.