ஆறாத ஒட்டு

செவ்வாய்க்கிழமை பூசிய ரெசின் பசை வெள்ளிக்கிழமை மாலையிலும் சூடாகவே இருந்தது. கலந்ததும் கொதித்து, இறுகி, விடிவதற்குள் கல்லாய்க் குளிர்ந்துவிடுகிற பொருள் அது. வத்தேகமவில் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், மரத்தாங்கிகள்மேல் கிடந்த விமான இறக்கையின் ஒட்டில் உள்ளங்கையை வைத்த மோகனராஜ், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோலச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

அவனும் தம்பி ரமேஸும் ஐந்து வருடமாகக் கட்டிய ஒற்றை ஆள் விமானம். கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டி எழுப்பிய, உள்ளே கூடான இறக்கைகள். மாசியில் தெல்தெனியப் பக்கம் முதல் தடவையாக எழும்பியபோது இடது இறக்கை பிளந்து, விமானம் ரமேஸோடு நீர்த்தேக்கத்தில் விழுந்தது. இறக்கையை மீன்பிடிக்கிறவர்கள் கரைசேர்த்தார்கள். ரமேஸ் கிடைக்கவில்லை.

பறப்பதற்கு முதல்நாள் அந்த இறக்கையை நாணயத்தால் தட்டிச் சோதித்தவன் மோகனராஜ்தான். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்னும். அடுக்கு பிரிந்த இடம் சொத்தென்னும். விமான உடலோடு சேருமிடத்தில் ஒரு சாண் அளவு சொத்தென்றது. உரித்து ஒட்ட இரண்டு கிழமை பிடிக்கும். தம்பியின் முகத்திலிருந்த சந்தோசத்தைப் பார்த்ததும், "எல்லாம் சரிடா" என்று சொல்லிவிட்டான். அதை இன்றுவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நிரஞ்சனி தேநீரோடு வந்து வாசலில் நின்றாள்.

"பறக்க ஆளில்லாத இறக்கைய யாருக்குங்க ஒட்டுறீங்க?"

"ஒட்டாம இருக்க முடியல."

அவன் நாணயத்தை எடுத்து, ஓரத்திலிருந்து ஒட்டை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தான். தகரத்தில் மழை இரைந்து, தணிந்து, நின்றது. கணீர். கணீர். சொத்.

கையை நிறுத்தினான்.

சொத். சொத்.

"உள்ள என்னங்க?" நிரஞ்சனியின் குரல் தாழ்ந்திருந்தது.

"மழைத்தண்ணி சொட்டுது."

"மழை விட்டுருச்சு." அவள் பின்னோக்கி அடியெடுத்து வைத்து முற்றத்துக்கு இறங்கினாள். "வெளிய வாங்க. வந்துருங்க."

அவன் போகவில்லை. கத்தியால் ஒட்டைக் கீறிப் பெயர்த்தான். பிறந்த குழந்தை நுழையுமளவு ஓட்டை. நீர்த்தேக்கத்தின் அடிச்சேற்று வாடை. உள்ளே இருட்டு. வேறெதுவும் தெரியவில்லை.

"தெரிஞ்சுதான்டா சரின்னு சொன்னேன்," என்றான் அந்த இருட்டிடம். "எனக்குத் தெரியும். உன்னப் போக விட்டேன்."

தட்டல் நின்றது.

பிறகு, இறக்கையின் தூர முனையிலிருந்து, ஏதோ நகர்ந்தது. ஈரமாக. இழுத்து இழுத்து. அவனை நோக்கி.

கையுறை போட நேரமில்லை. ரெசினில் துணியை முக்கி, ஓட்டையை மூடி, வெறுங்கையால் அழுத்தினான். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது. வெள்ளைத் துணி நனைய நனைய நிறமிழந்து, கண்ணாடியாய்த் தெளிந்தது.

அடியில் ஒரு கை. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல். நகமில்லாத விரல்கள். அவை துணியைக் கிழிக்கவில்லை. தேடின. அவனுடைய கட்டைவிரலைக் கண்டுகொண்டன. பிறகு சுட்டுவிரலை. ஒவ்வொன்றாக, விரலுக்கு விரல் பொருந்தி நின்றன.

முற்றத்திலிருந்து நிரஞ்சனி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை.

மோகனராஜ் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே ரெசின் கொதித்து, மெதுவாக இறுகிக்கொண்டிருந்தது.