பன்னிரண்டாவது குறிப்பு

காலை 10.05. நான்காம் அறையின் நாற்காலியில் பை இல்லை.

விடுதியின் அந்த அறையில் தங்கியிருந்த பறவைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு, பை நுழையவே முடியாத இடங்களிலும் தேடினார்: தலையணை உறைக்குள், மேசை இழுப்பறைக்குள், சன்னல் விளிம்பில். பைக்குள் இருந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று தொலைநோக்கி. இன்னொன்று, எந்த ஏரிக்கு எந்தப் பறவை எத்தனை வந்தது என்று முப்பத்தோரு வருடமாக அவர் கைப்பட எழுதி வந்த தடித்த நோட்டு. தொலைநோக்கி போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். முப்பத்தோரு வருடத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

10.15-க்கு அவர் படியிறங்கி வந்து, அந்த விடுதியில் பெருக்கித் துடைக்கும் அம்மாவின் துணிப்பையைப் பிடுங்கிச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தார். ஒரு சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலித் தைலம், பழைய செருப்பு ஒரு ஜோடி. அவ்வளவுதான். விடுதிக்காரர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தன் பொருள்களைத் தொடவே இல்லை.

10.20-க்குக் காவல் நிலையத்துக்கு போன் போயிற்று.

எஸ்.ஐ. வந்து சேர்ந்தபோது மணி 11.10. மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. நாற்பது நிமிட ஜீப் பயணத்தில் வண்டி ஓட்டிய ஏட்டிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திமிர் என்று ஏட்டு நினைத்திருக்கலாம். உண்மையில், பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தனிக் குவார்ட்டர்ஸ், தனிச் சமையல், ஒரே ஒரு தட்டு. சாப்பிடும்போது எதிரில் முகம் எதுவும் இல்லாததால் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படிப்பாள்: பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம், பார்சல் சுற்றி வந்த செய்தித்தாள், கேஸ் சிலிண்டரில் உள்ள எச்சரிக்கை. இந்தப் பழக்கத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளிருந்தால் பழக்கமே வந்திருக்காது.

விடுதிக்கு வயது நூற்றறுபது. சாலை போட வந்த அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டியது. ஓர் அறையில் அழுதால் அடுத்த அறைக்குக் கேட்காத அளவுக்குத் தடித்த சுவர்கள். சுற்றிலும் மூன்று கிலோமீட்டருக்கு வீடு கிடையாது. கூடத்தில் சதுரங்கப் பலகையில் ஆடி முடித்த காய்கள் கலைக்கப்படாமல் கிடந்தன.

முதலில் பறவைக்காரர்.

"பையைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"எட்டு மணிக்கு. சாப்பிட இறங்கும்போது நாற்காலியில இருந்துது."

"ரூமைப் பூட்டினீங்களா?"

"எட்டு நாளா பூட்டலை. இங்கதான் ஈ காக்கா இல்லையே."

"சாப்பிட்ட பிறகு மேல போகலையா?"

"விடுதிக்காரரோட செஸ் ஆட உக்காந்துட்டேன். நேத்து பாதியில விட்ட ஆட்டம். பதினொண்ணரை பஸ்ஸுக்குக் கிளம்பணும், அதுக்குள்ள முடிச்சிடலாம்னார். பத்து மணிக்குத் தோத்துட்டு மேல போனேன்."

"நடுவுல அவர் எழுந்து போனாரா?"

"ஆட்டத்துல உக்காந்தா அசையமாட்டார். அதுக்கு முன்னாடி, நாங்க சாப்பிடும்போது ஒரு தடவை மாடிக்குப் போனார். வெந்நீர் குழாயை மூட. அது தினமும் போறதுதான்." பறவைக்காரர் குரலை உயர்த்தினார். "மேடம், ஒம்பது மணிக்கு மேல மாடியில இருந்தது அந்தம்மா மட்டும்தான். புகார்ல அப்படித்தான் எழுதியிருக்கேன். கூட்டிட்டுப் போய் விசாரிங்க."

அடுத்து இரண்டாம் அறையில் தங்கியிருந்த மருந்துக் கம்பெனி ரெப். அவரும் அதே பஸ்ஸுக்குக் கிளம்ப இருந்தவர். கேட்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து காட்டினார்.

"எட்டே முக்காலுக்குச் சாப்பிட்டு முடிச்சேன். போன் சிக்னலுக்காக வாசல் கேட் பக்கத்துல நின்னுட்டேன். அந்தம்மா சரியா ஒம்பதுக்கு உள்ள போனாங்க. மேடம், பறவையில எனக்குக் கோழியை மட்டும்தான் தெரியும். அந்த நோட்டை வெச்சு நான் என்ன பண்ண?"

பெட்டியில் மாத்திரை அட்டைகளும் கசங்கிய சட்டைகளும் இருந்தன. அவர் அறையைப் போய்ப் பார்த்தாள். கட்டில் கலைந்து கிடந்தது. குளியலறைக் கொக்கியில் ஈரத்துண்டு தொங்கியது. வேறொன்றும் இல்லை.

பெருக்குகிற அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே பதில் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாடியில முக்கால் மணி நேரம் நான் மட்டுந்தான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்."

"நாலாம் நம்பர் ரூமுக்குள்ள போனீங்களா?"

"இல்லீங்க. கிளம்புற அன்னிக்கு அவங்க போன பிறகுதான் உள்ள போகணும். நடையையும் படியையும்தான் துடைச்சேன்."

"படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் மாத்துறது?"

"அது ஐயா பொறுப்பு. துணி அலமாரிச் சாவியை அவர் இடுப்பை விட்டு எடுக்க மாட்டார். தரையும் தூசியும்தான் என் வேலை." முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினாள். "மேடம், திருடின்னு பேர் வந்துச்சுன்னா இந்தப் பக்கத்துல ஒரு வீட்டுலயும் என்னை விளக்குமாத்தைத் தொட விடமாட்டாங்க. நான் ஒத்தை ஆளு. வேற வேலையும் தெரியாது."

"இங்க எவ்வளவு நாளா வர்றீங்க?"

"பதினொரு வருசம்."

கடைசியாக விடுதிக்காரர். அறுபத்தைந்தைத் தாண்டியவர். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"இந்தம்மா எடுத்திருப்பாங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"எடுக்க மாட்டாங்கன்னும் சொல்லலையே?"

தேநீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார் அவர். தங்குவோர் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். இன்றைய தேதிக்குக் கீழே அடுத்த ஐந்து வாரமும் வெறும் கோடுகள்.

பகல் 12 மணி. எஸ்.ஐ. நான்காம் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். புகாரில் ஒரு பெயர்தான் இருந்தது. வேறெதுவும் கிடைக்காவிட்டால் அந்த அம்மாவை ஜீப்பில் ஏற்றியாக வேண்டும். ஏற்றிவிட்டால் நாளைக்கே விட்டாலும் அவள் பிழைப்பு போனதுதான். மேசைமேல் தட்டச்சு செய்த தாள்களுடன் ஒரு கோப்பு இருந்தது. எழுத்தைக் கண்டால் விடமாட்டாளே, எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

விருந்தினர் கவனத்துக்கு என்று தொடங்கிப் பதினான்கு குறிப்புகள். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டே கால் வரை. மாடிக்கு ஏறி வர ஐந்து நிமிடம் ஆகும், பொறுமை தேவை. மூன்றாவது படி மற்றவற்றைவிடத் தாழ்வானது. அதுவும் நூற்றறுபது வருடப் பழையது, திருத்த மாட்டோம். வடக்குச் சன்னலைத் திறந்தால் மூடுவது கடினம். ஏழாவது: புதிய துண்டு தினமும் காலைச் சாப்பாட்டு நேரத்தில் வைக்கப்படும், புறப்படும் நாளில் கிடையாது. ஒன்பதாவது: அறையைக் காலி செய்யும் நேரம் பதினொரு மணி. பன்னிரண்டாவது: பணியாளரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், எது தேவையானாலும் உரிமையாளரிடம் சொல்லவும். பதினான்காவது: தனியாக வந்திருப்பவர்கள் மாலையில் கூடத்துக்கு வரலாம், சதுரங்கப் பலகை உண்டு.

பதினான்காவதை இரண்டு தடவை படித்தாள். தன்னையே யாரோ கூப்பிட்டது போல இருந்தது.

எழுந்து குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். கொக்கியில் இருந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். மூன்றாக மடித்த மடிப்பு கலையாமல், மொடமொடவென்று சோப்பு வாசனையோடு இருந்தது. துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். முகத்தில் பாதி இன்னும் ஈரமாக இருந்தது.

12.30. நான்கு பேரையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நிற்கவைத்தாள். மேசைமேல் டப்பாவும் சீப்பும் செருப்பும் இன்னும் அப்படியே கிடந்தன.

"சார், காலைல குளிச்சீங்களா?" என்று பறவைக்காரரைக் கேட்டாள்.

அவருக்கு எரிச்சல் வந்தது. "ஆறரைக்கு. ஏன்?"

"துடைச்ச துண்டை என்ன பண்ணீங்க?"

"கொக்கியில போட்டேன்."

"அது இப்ப அங்க இல்லை. புதுத் துண்டு தொங்குது." ரெப்பைப் பார்த்தாள். "உங்க ரூம்ல?"

"எனக்குப் புதுசு வைக்கலையே. இன்னிக்குக் கிளம்புறேன்ல?"

"அதேதான். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குக் கிளம்புறீங்க. ரெண்டாம் ரூமுக்குச் சட்டப்படி துண்டு இல்லை. நாலாம் ரூமுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

விடுதிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"எட்டே காலுக்குக் குழாயை மூட மேல போனீங்க," என்றாள் எஸ்.ஐ. அவரிடம். "பையை அப்படியே தூக்கிட்டு வந்தா யாராவது பாப்பாங்க. ஈரத்துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனா யாரும் கவனிக்க மாட்டாங்க. காலங்காலமா துண்டும் கையுமா நடக்குறவர் நீங்க. அதோட விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா காலிக் கொக்கியைப் பாத்துட்டுச் சும்மா வர உங்க கை விடலை. இன்னிக்கு ராத்திரி தங்குறவருக்குத்தான் புதுத் துண்டு. அது நீங்களே போட்ட விதி. பை காணோம்னு சாருக்குத் தெரிஞ்சது பத்து அஞ்சுக்கு. அதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் முன்னாடியே, அவர் இன்னிக்குக் கிளம்ப மாட்டார்னு இந்த வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. துணி அலமாரியைத் திறக்கலாமா?"

அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

பை விரிப்புகளுக்கு நடுவே இருந்தது. ஈரம் படக்கூடாதென்று நோட்டைத் தனியாக எடுத்து, உலர்ந்த தலையணை உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

"திருடணும்னு இல்லை," என்றார் விடுதிக்காரர். "நாலு மணி பஸ்ஸும் போன பிறகு, தேடி எடுத்த மாதிரி குடுத்துடலாம்னு இருந்தேன். இன்னும் ஒரு ராத்திரி, அவ்வளவுதான். இனி அஞ்சு வாரத்துக்கு இந்த வீட்டுல யாரும் இல்லை. இவ்வளவு பெரிய வீட்டுல என் இருமல் எனக்கே கேக்குது, மேடம்."

"இருங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா இருப்பாரா?"

பறவைக்காரர் நோட்டைப் புரட்டி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்திருக்க மாட்டேன்," என்றார் நிமிராமல். "அடுத்த ஏரிக்கு நாளைக்குப் போகணும்." பிறகு புகாரை எடுத்து நான்காகக் கிழித்தார். "சரி, முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம்."

"உங்களுக்கு முடிஞ்சுது," என்றாள் எஸ்.ஐ. "நீங்க கொட்டின பை இவங்களோடது. புகார் குடுக்க வேண்டியது இவங்கதான்." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

பெருக்குகிற அம்மா பறவைக்காரரைப் பார்க்கவே இல்லை. அவர் முணுமுணுத்த மன்னிப்பு அவள் காதில் ஏறியதாகவும் தெரியவில்லை. விடுதிக்காரரைத்தான் பார்த்தாள்.

"என் டப்பாவைக் கொட்டினப்ப நீங்க பாத்துட்டு நின்னீங்க, ஐயா. எங்க இருக்குன்னு தெரிஞ்சும் நின்னீங்க."

அவர் தலை குனிந்தார்.

"அதைக்கூட விடுங்க. அஞ்சு வாரத்துக்கு யாரும் இல்லைன்னீங்களே. நான் நாளைக்கு வருவேன். நாளன்னிக்கும் வருவேன். பதினொரு வருசமா மழைன்னாலும் வெயில்னாலும் ஒம்பது மணிக்கு வந்து நிக்கிறேன். உங்க இருமல் எனக்கும் கேட்டுட்டுத்தான் இருக்கு. நான் ஆளில்லையா?"

ரெப் மணி பார்த்தார், பார்த்ததற்காக வெட்கப்பட்டார்.

"வீட்டுக்குப் போனா எனக்கும் சுவருதான்," என்றாள் அந்த அம்மா. குரல் இறங்கியிருந்தது. "தினம் அந்தக் கோப்பைத் தூசி தட்டுறேன். பன்னண்டாவது எனக்கு மனப்பாடம். எனக்குக் கேசு வேண்டாம், மேடம். அந்தப் பன்னண்டை அடிச்சிடச் சொல்லுங்க. எல்லா ரூம்லயும். நான் பக்கத்துல நிக்கும்போதே."

விடுதிக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாடியேறுமுன் மேசைக்கு வந்து, டப்பா, சீப்பு, தைலம், செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பைக்குள் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"மூணாவது படி, பாத்து ஏறுங்க," என்றாள். இருவரும் மாடிக்குப் போனார்கள்.

1.20-க்கு ஜீப் கிளம்பியது. இருபுறமும் ஆளில்லாத வெட்டவெளி. வளைவில் திரும்பும்வரை எஸ்.ஐ. விடுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டி ஓட்டிய ஏட்டின் பக்கம் திரும்பினாள். நான்கு மாதமாகத் தினமும் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதருடைய தலை எப்போது இவ்வளவு நரைத்தது, முன்பே இப்படித்தானா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஏட்டையா, உங்க வீட்டுல எத்தனை பேர்?"

கியர் கரகரவென்று மாட்டிக்கொண்டது. அவர் அதைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏன் மேடம், ஏதாவது விசாரணையா?"

"இல்லை. சும்மாதான்."

"அஞ்சு பேர் மேடம்."

"யார் யாருன்னு சொல்லுங்க," என்றாள். "நாற்பது நிமிஷம் இருக்கு."