பெயருக்கு ஒருத்தி

புதிதாக எதையும் தொடங்க இயலாது, உங்கள் வரம்பு நிறைந்துவிட்டது என்று திரை சொன்னபோது ஷர்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறாக அடித்திருப்போம் என்று இன்னொரு தரம் அடித்தாள். அதே பதில்.

தீபாவளி விடுமுறை. குளத்தூரைத் தாண்டி, பொட்டல் காட்டுக்கு நடுவே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் அன்று மாலை அவளையும் வாட்ச்மேன் மரியசெல்வத்தையும் தவிர ஒரு ஆள் இல்லை. எல்லோரும் ஊருக்குக் கிளம்ப, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டியை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். கணவன் ஜெபக்குமார் சிங்கப்பூரில். வாடகை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று தோன்றியது. வெளியே விடாத தூறல். ஈர மண்ணின் வாடையும் ஏசியின் பழைய தூசி வாடையும் கலந்து சர்வர் அறைக்குள் தேங்கியிருக்க, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் விளக்கில்லாத லேபில் நாற்காலிகள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போய்க்கொண்டிருக்க, சர்வரின் விசிறிகள் மட்டும் யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல ஒரே சீராக இரைந்தன.

வரம்பு வைத்தவளே அவள்தான். கல்லூரி முழுமைக்கும் ஒரே சர்வர். போன வருடம் தேர்வு நேரத்தில் ஒரு மாணவனின் புரோகிராம் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகி, அடுத்தவருக்கு இம்மி இடம் விடாமல் மொத்தத்தையும் முடக்கிப் போட்டது. அதற்குப் பிறகு, ஒருவர் ஒரே சமயத்தில் எத்தனை புரோகிராம் ஓட்டலாம், எவ்வளவு மெமரி எடுக்கலாம், எத்தனை இடத்திலிருந்து உள்ளே வரலாம் என்று ஆளுக்கொரு அளவு கட்டினாள். சர்வருக்கு முகம் தெரியாது. ஒரு பெயரில் எத்தனை ஓடுகின்றன என்று எண்ண மட்டும் தெரியும்.

அவள் பெயரில் இப்போது ஒன்றுதான் ஓட வேண்டும். இருந்த இடத்திலிருந்தே நிர்வாகியாக மாறி, உள்ளே யார் யார் என்று பார்த்தாள்.

ஷர்லி. ஷர்லி. ஷர்லி. திரை கொள்ளாமல் கீழே ஓடியது. ஒவ்வொரு ஷர்லியும் இதே லேபின் ஒவ்வொரு கணினியில்.

நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தாள். கணினிகள் எல்லாம் அணைந்துதான் கிடந்தன.

எந்தப் பையனோ பாஸ்வேர்டைத் திருடி விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். முதல் இணைப்பை வெட்டினாள். லேபில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. விரல்கள் அப்படியே நின்றன. காற்றாக இருக்கும். அடுத்ததை வெட்டினாள். இன்னொரு கிறீச். அப்புறம் அவள் கண்ணாடிப் பக்கம் பார்க்கவே இல்லை. வெட்டிக்கொண்டே போனாள். சத்தங்கள் கிட்டே கிட்டே வந்தன. தன்னுடையதைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை என்றானதும், திரும்ப நுழைந்துவிடக் கூடாதே என்று, தன் பெயருக்கான அளவை ஒன்று என்று மாற்றினாள்.

மின்சாரம் போனது. உடனே வந்தது.

பேட்டரியில் இருந்த சர்வர் நிற்கவில்லை. அவள் கணினிதான் அணைந்து மறுபடி எழுந்தது. பெயரைக் கொடுத்தாள். பாஸ்வேர்டைக் கொடுத்தாள்.

இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றது சர்வர்.

பழைய இணைப்பு தொங்கிக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஒரு மனிதக் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மரியசெல்வத்துக்குப் போன் போட்டாள். லேப் வரைக்கும் கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டாள்.

“என்ன மேடம், இப்பத்தானே கேட்டத் தாண்டிப் போனீங்க? நான் பூட்டிட்டேனே.”

“அண்ணே, நான் லேப்லதான் இருக்கேன்.”

“கொடை இல்லாம நனைஞ்சுக்கிட்டுப் போறீங்களேன்னு கேட்டேன். அவரு போன் பண்ணுவாரு, வீட்டுக்குப் போறேன்னு சிரிச்சீங்க.” பிறகு அவர் குரல் இறங்கியது. “நீங்க யாரு பேசுறது?”

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

ஜெபக்குமாரை அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருப்பதாக வந்தது. மறுபடி. வேறொரு அழைப்பில். எப்போது கூப்பிட்டாலும் அரை நிமிடத்தில் வைத்துவிடுகிற மனிதன். இன்று யாரிடமோ வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். போவதற்கு லேப் வழியாகத்தான் வழி.

கதவைத் திறந்தாள். அறை வெளிச்சம் அவள் தோளுக்கு மேலாக உள்ளே விழுந்தது.

நாற்காலிகள் நிறைந்திருந்தன.

ஒவ்வொன்றிலும் ஒருத்தி. அதே இளநீலச் சுடிதார். அதே தளர்ந்த பின்னல். அணைந்த திரைகளுக்கு முன்னால், கீபோர்டில் கை வைத்தபடி. வெகுகாலம் யாரும் பேச்சுக் கொடுக்காத முகங்கள்.

ஒரு முகத்திலும் கோபம் இல்லை.

கதவருகே இருந்தவள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் காலியாக இருந்த ஒரே நாற்காலியை, தரையில் உரசாமல், அவளுக்காக இழுத்து வைத்தாள்.