ஒரு கை கொசுறு

காபி டம்ளரை நீலமேகத்தின் அருகில் வைத்துவிட்டு ராஜாத்தி நின்றாள். அவன் நிமிரவே இல்லை.

"வரலட்சுமி, அந்தம்மாவ காபிய எட்துகினு போவச் சொல்லு."

கட்டிய மனைவி எதிரிலேயே நிற்கிறாள்... அவளிடம் பேச அவனுக்குத் தங்கை வேண்டியிருந்தது.

"கேட்டியா அண்ணி? எங்கண்ணன் பொயப்ப கெடுத்தவன்கிட்டயே போயி சம்பளம் வாங்குற. அந்தக் காபி அதுக்கு எப்டி எறங்கும்?" என்றாள் வரலட்சுமி.

ராஜாத்தி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். விம்கோ நகர் மெயின் ரோட்டில் அந்தப் பெரிய கடை திறந்ததிலிருந்து, நீலமேகத்தின் மளிகைக் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. ஷட்டர் ஒருமுறை இறங்கிவிட்டால் இந்த மனிதன் படுத்த படுக்கையாகிவிடுவான் என்று பயந்துதான் அவள் அங்கே வேலைக்குப் போனாள். அவள் சம்பளத்தில்தான் இந்தக் கடைக்குச் சரக்கு வந்தது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகம்.

சேலைக்கு மேல் பெரிய கடையின் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் அவளிடம் முகம் கொடுத்துப் பேச யாருமில்லை.

பெரிய கடையில் அவளுக்குப் பருப்பு நிறுக்கும் வேலை. மெஷினில் வைத்தால் விலைச் சீட்டு வரும், ஒட்டிக் கொடுக்க வேண்டும். ராஜாத்தி சீட்டை ஒட்டியபின், ஒரு கை பருப்பை அள்ளி மேலே போட்டுவிடுவாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் மளிகைக் கடையில் நின்று பழகிய கை அது. வியாபாரம் படுத்ததும் நீலமேகம் கொசுறு போடுவதை நிறுத்திவிட்டான். அவள் கை மட்டும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு, மளிகைக் கடையின் பழைய வாடிக்கைக்காரி ரோசியின் பையைப் பில் போடும் இடத்தில் மறுபடி எடை போட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் விமல் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டான்.

"இது இன்னாம்மா, எடை அதிகமா கீது?"

"கொசுறு தம்பி."

"மெஷின்ல அப்டி ஒண்ணும் இல்லம்மா. இதுக்குப் பேரு திருட்டு. சட்டைய கயட்டி குட்துட்டுப் போ."

திருட்டு... அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்து வந்தாள். அவளுக்கு முன்னால் சேதி கடைக்கு வந்துவிட்டிருந்தது.

"மானத்த வாங்கிட்டியே அண்ணி," என்று அழுதாள் வரலட்சுமி. நீலமேகம் கல்லாவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். 'நீயா எடுத்தே?' என்றாவது கேட்கமாட்டானா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. கதவோரம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் ரோசி வந்தாள். பல மாதம் கழித்து இந்தக் கடைப் படியை மிதிக்கிறாள்.

"அண்ணாத்தே, அக்கா மேல தப்பில்ல. எம் பையிலதான் ஒரு கை பருப்பு அதிகம் போட்டுச்சி. அக்கா கொசுறு போடும்னு நாங்கல்லாம் அதுகிட்ட போயிதான் நிப்போம். உங்க கடைய வுட்டுட்டுப் போனவங்க நாங்க... ஆனா அது எங்கள வுடல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துவரம் பருப்பு ஒரு கிலோ குடுங்க."

நீலமேகம் நிறுத்தான். தராசு முள் நேராக நின்றது. பையைக் கட்டப் போனவன் கட்டவில்லை.

"வரலட்சுமி..."

"இன்னாண்ணா?"

"நீ இல்ல." கதவோரம் திரும்பினான். "ராஜாத்தி, இங்க வா."

அவன் வாயால் தன் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று... எழுந்து வந்தாள்.

"நீ போடு. எங் கை மறந்துபூட்ச்சி."

அவள் மூட்டைக்குள் கைவிட்டு அள்ளினாள். கண்ணீர் மறைத்ததில் பை தெரியவில்லை. பாதிப் பருப்பு தரையில் சிந்தியது.

"காலைலேந்து எதுனா துன்னியா நீ?" என்று கேட்டுக்கொண்டே, நீலமேகம் அவள் காலடியில் குனிந்து பருப்பைப் பொறுக்கத் தொடங்கினான்.