ஏழு புள்ளி எட்டு

மார்ச் 11, புதன். இன்றைய தவறு: ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவை உள்ளே கூப்பிட்டுச் சொல்லாமல், எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்திலேயே உரக்கப் படித்துவிட்டேன். சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

உன்சே பேனாவை மூடி வைத்தாள். பகலில் தென்கொரியாவின் பூசான் நகரத்துச் சின்ன கிளினிக் ஒன்றில் பயிற்சி, மாலையில் செவிலி உதவியாளர் வகுப்பு. வகுப்பு தொடங்குமுன் அன்றைய தவறை எழுதிவிட்டால் மனசு லேசாகிவிடும். இன்று ஆகவில்லை. அந்த ஆளின் கண்கள்... தூக்கத்தையே பார்க்காத மாதிரி கறுத்து, ஆழ்ந்து... அப்படியே அவளை எரித்துவிடப் பார்த்த கண்கள்.

"மூன் கிஹ்வான். வைட்டமின் டி ஏழு புள்ளி எட்டு. ரொம்பக் குறைவு. இருபதுக்குக் கீழ போனாலே குறைபாடுதான். உங்க கால் வலி, தசை பலவீனம் எல்லாம் இதனாலதான் இருக்கும்."

இவ்வளவுதான் அவள் காலையில் படித்தது. கூடத்தில் ஒரு சிரிப்பலை. "ஐயோ, படுத்த படுக்கையா கிடக்கற என் மாமியாருக்கே பதினொண்ணு இருக்கு," என்றாள் சுருள்முடி வைத்த நடுத்தர வயது அஜும்மா ஒருத்தி.

நெடுநெடுவென்று ஒருவன் எழுந்து கவுண்டருக்கு வந்தான்.

"என் பக்கத்துல யாரு உக்காந்திருக்காருன்னு பாத்தீங்களா?" குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவன் போட்டிருந்த அதே கருநீல வேலைச் சட்டையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பன்ஜாங். என் குழுவுக்குத் தலைவர். கடைசி ரயில் போனதும் சுரங்கத்துல ஏணி போட்டு, மேல போற மின்கம்பியைச் சரி பண்றவங்க நாங்க. காலு பலவீனம்னு காதால கேட்டவர் இனிமே என்னை ஏணியில ஏத்துவாரா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வேறு எதையோ சொன்னது. "இருக்கறதைத்தானே படிச்சேன்?"

அவன் திரும்பி டாக்டர் அறைக்குள் போனான். ஊசி போட்டுக்கொண்டான், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் பெரிய அளவு ஊசி. வாசலில் பன்ஜாங் சொன்னது உன்சேயின் காதில் விழுந்தது. "இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து நீ கீழ நின்னு விளக்கு பிடி."

ஒன்பது வருஷம் ஏணியில் நின்றவனாம். கூடத்தில் பன்ஜாங்கோடு பேசிக்கொண்டிருந்த அஜும்மா சொல்லித்தான் அது அவளுக்குத் தெரியும்.

*

ஏப்ரல் பிறந்தது. செர்ரிப் பூக்கள் மலர்ந்த வாரமே மழையும் வந்துவிட்டது. வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்த உன்சே நனைந்துபோய் ஒரு கடையின் முன்கூரைக்குக் கீழ் ஒதுங்கினாள். நிமிர்ந்தால்...

அந்தக் கண்கள்.

"ஓ... நம்பர் படிக்கிற அம்மணி," என்றான் கிஹ்வான். கையில் கடற்பாசி சுற்றிய முக்கோணச் சோற்று உருண்டை, கிம்பாப்; காலடியில் மடக்கிய குடை. "மழை எவ்வளவுன்னு படிக்க வந்தீங்களா?"

"ஒதுங்க வந்தேன். கூரை உங்களுதா?"

"இல்ல. ஆனா நான் முதல்ல வந்தேன்."

மழைத்துளி ஒன்று அவன் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று அவள் தெருவைப் பார்த்தாள். மறுபடி திரும்பியபோது அவன் உள்ளங்கையில் ஒரு பிடி மாத்திரை.

"என்ன அது?"

"வைட்டமின் டி. வெளிநாட்டுச் சரக்கு, நெட்ல ஆர்டர் பண்ணேன். நல்லா வீரியமானது. போன வாரம் வேற கிளினிக்ல இன்னொரு ஊசியும் போட்டாச்சு. வீட்டு வராந்தாவுல கண்ணாடிக்குப் பின்னாடி தினமும் வெயில் வேற காயறேன். சீக்கிரமே முப்பதைத் தொட்டுக் காட்டி ஏணிக்குத் திரும்பறேன், பாருங்க."

அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"என்னது?"

"ஒரு ஊசியே மூணு மாசத்துக்கு மெதுவா உடம்புல இறங்கிட்டிருக்கும். அதுக்கு மேல இன்னொரு ஊசி, அதுக்கு மேல ஒரு பிடி மாத்திரை. வெளிய போக வழியில்லாம உடம்புலயே சேரும். ரத்தத்துல கால்சியம் ஏறும். தாகமா இருக்கா? குமட்டுதா? வயிறு சரியா போறதில்லையா?"

கிஹ்வான் மாத்திரைகளோடு கையை மூடிக்கொண்டான். மூன்றுமே இருக்கிறது என்று அவன் முகம் சொன்னது.

"கிட்னி போயிடும் கிஹ்வான். அப்புறம் எந்த ஏணி? கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வேண்டிய கதிரே வராது, அது தெரியுமா? சும்மா வெந்துட்டிருக்கீங்க."

"இதையெல்லாம் அன்னைக்கே உள்ள கூப்பிட்டுப் பொறுமையா சொல்லியிருந்தா?" அவன் குரலும் ஏறியது. "ஊருக்கே கேக்கறமாதிரி ஏழு புள்ளி எட்டுன்னு கத்தினது யாரு? ஒரு மாசமா நேத்து வந்த பசங்க ஏணியில நிக்கறாங்க, நான் கீழ நின்னு விளக்கு பிடிக்கறேன். என்னை இந்த அவசரத்துல தள்ளினது நீங்கதான்."

அது உண்மை. உண்மை என்பதால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"நாளைக்கு வந்து ரத்தம் குடுங்க. இல்லன்னா இந்த மாத்திரையை எல்லாம் இந்தச் சாக்கடையில கொட்டுவேன்."

"நீங்க வெறும் பயிற்சிக்கு வந்த பொண்ணு."

"ஆமாம். வெறும் பயிற்சிக்கு வந்த பொண்ணு." கண்ணில் நீர் முட்டியது. முகத்திலிருந்த மழைநீரோடு கலந்துவிட்டதால் பிழைத்தாள். "வருவீங்களா, மாட்டீங்களா?"

அவன் கையிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குப்பியில் திரும்பப் போட்டான். குடையை விரித்து அவள் கையில் திணித்தான். மழையில் நனைந்தபடியே நடந்தான்.

திமிர் பிடிச்சவன், என்று நினைத்தாள். அந்தத் திமிர் ஏன் இவ்வளவு அழகாக நடந்துபோகிறது...

*

மறுநாள் அவன் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போனதும் உன்சேயும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, தனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லி டாக்டர் முன் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை முடிவுகள் வந்தன. கிஹ்வானை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திய பிறகே டாக்டர் பேசினார். வைட்டமின் டி ஏறியிருந்தது. ஆனால் கால்சியம் இயல்பான அளவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே. மாத்திரை இன்றே நிறுத்தம், நிறையத் தண்ணீர். அடுத்த வாரம் மறுபடி கால்சியம், ஜூனில் வைட்டமின் டி. அதுவரை எந்த ஊசியும் கிடையாது.

அவன் கல்லாக வெளியே வந்தான். கூடத்தில் மாத்திரை வாங்க வந்த பன்ஜாங் உட்கார்ந்திருந்தார். சுருள்முடி அஜும்மாவும்தான்.

உன்சே கவுண்டரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். கையிலிருந்த தாளை விரித்தாள்.

"நோ உன்சே. வைட்டமின் டி எட்டு புள்ளி ஒன்று."

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"அது நான்தான். வெளிய போனா குடை, கையுறை, முகத்துல வெயில் தடுக்கற கிரீம் ரெண்டு பூச்சு. படியேறினா எனக்கும் கால் வலிக்கும். போன மாசம் இங்க ஒருத்தரோட முடிவை உங்க எல்லார் முன்னாடியும் படிச்சேன். அது அவரோட சொந்த விஷயம். படிச்சது என் தப்பு."

அஜும்மா தொண்டையைக் கனைத்தாள். "அது... எனக்குமே பன்னெண்டுதான். மாமியாரை விட ஒண்ணு ஜாஸ்தி, அவ்வளவுதான்." மூலையில் யாரோ, "எனக்கு ஒன்பது," என்றார்கள்.

பன்ஜாங் தலையைச் சொறிந்தார். "இருபது வருஷமா பகல்ல தூங்கறேன். எனக்கு எவ்வளவு இருக்கும்னு நினைச்சா பயமாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லி எனக்கும் எடும்மா." கிஹ்வானைப் பார்த்தார். "டேய். நம்பருக்காக உன்னை இறக்கல. வலியை மறைச்சேல்ல, அதுக்காக இறக்கினேன். ஜூன்ல காலு உறுதியா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். உன் ஏணியை நானே பிடிக்கறேன்."

கிஹ்வான் குனிந்து வணங்கினான். வெகுநேரம் நிமிரவில்லை.

*

"உங்களை யாரு அப்படிப் பண்ணச் சொன்னது?" கிளினிக் வாசலில் கிஹ்வான் அவளை மடக்கினான்.

"யாரும் சொல்லல."

"எல்லாரும் உங்களையே பாத்தாங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சு."

"உங்களுக்கு எதுக்குத்தான் ஆத்திரம் வராது?"

மழை விட்டிருந்தது. ஈரத் தரை முழுக்க வெளிர்சிவப்பு இதழ்கள் ஒட்டிக்கிடந்தன.

"ஒரு மாசமா உங்க மேல கோபமா இருக்கேன் உன்சே. சுரங்கத்துல விளக்கு பிடிக்கறப்பவும் கோபம். திரையை இழுத்து விட்டுட்டுப் படுக்கறப்பவும் கோபம். கண்ணை மூடினா நீங்க கவுண்டர்ல நின்னு ஏதோ படிக்கறீங்க. இவ்வளவு நாள் ஒருத்தர் மேல கோபமாவே இருக்க முடியாது. அதுக்கு வேற பேரு இருக்கு."

அவள் ஒரு அடி நெருங்கினாள்.

"என்ன பேரு?"

"பிடிச்சிருக்கு." கோபமாகத்தான் சொன்னான். "போதுமா?"

"போதாது," என்றாள். அவளுக்கும் கோபம் தீரவில்லை. "அந்தக் குப்பியை முதல்ல குடுங்க. அப்புறம்... எனக்கும் பிடிச்சிருக்கு."

அவன் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 8, புதன். இன்றைய தவறு: வகுப்புக்குத் தாமதம். காரணம் எழுதவில்லை.

நாளைய வேலை: மதியச் சாப்பாட்டோடு, எண்ணெய்ப் பசை உள்ள குழம்போடு (கொழுப்போடுதான் அது உடம்பில் சேரும்), டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த வைட்டமின் டி மாத்திரையை மறக்காமல் போட வேண்டும், ஒன்று மட்டும். பிறகு ஒன்சோன் ஓடைக்கரை வெயிலில் சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும், அவரோடு.