நாகம்மாள் அத்தையின் பாய்

“வருது! கரி பஸ் வருது!”

மங்கை போட்ட சத்தத்தில் செஞ்சிக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்துத்தான் பஸ் ஓடியது. அதில் நாகம்மாள் அத்தை வருகிறாள்! மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும்போதெல்லாம் முதல் நாள் மங்கை வீட்டில்தான் தங்குவாள். அவள் வந்தால் வீடே சிரிக்கும்.

அவள் போன பிறகு வீடே சொறியும்.

அம்மா கட்டிலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். ரேஷன் மண்ணெண்ணெயைக்கூட இடுக்குகளில் விட்டாள். மூட்டைப்பூச்சிகள் ஒழிந்தன. அடுத்த அமாவாசைக்கு மறுபடி வந்துவிட்டன! எல்லாரும் கட்டிலைத் திட்டினார்கள். மங்கைதான் கண்டுபிடித்தாள், அவை அத்தையின் பாயில் வருகின்றன என்று.

“இன்னிக்கி மூஞ்சிக்கு நேரா சொல்லிடப் போறேன்” என்று அன்று காலையில் அம்மா சொல்லியிருந்தாள்.

மங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை பெரிய ரோஷக்காரி. அவள் வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்ன சித்தப்பா வீட்டுப் பக்கம் இன்றுவரை தலைவைத்தும் படுப்பதில்லை. இங்கேயும் வராமல் போய்விட்டால்?

“நீ ஒண்ணும் சொல்லாதம்மா. நான் பாத்துக்குறேன்!”

பஸ் நின்றது. அத்தை இறங்கியதும் மங்கை பாய்ச்சுருட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

“அடியே, என் பாயி! எங்கடி தூக்கிம்போற?” என்று அத்தையும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய பாறை இருந்தது. சித்திரை வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. மங்கை வீட்டுப் பாய், தலையணை எல்லாம் ஏற்கெனவே அங்கே காய்ந்துகொண்டிருந்தன.

“எங்களுதெல்லாம் காயுது அத்த. உன்னுதும் சேந்து காயட்டும்!”

மங்கை பாயை விரித்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் ஓரத்திலிருந்து ஐந்து மூட்டைப்பூச்சிகள் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்தன. சுடுபாறையில் விழுந்து சுருண்டன.

அத்தையின் முகம் மாறியது.

“எங்க பாயில காலைலயே ஒம்பது வந்துச்சி அத்த! நான்தான் எண்ணுனேன்” என்றாள் மங்கை அவசரமாக.

அத்தை இடுப்பில் கைவைத்தாள்.

“இன்னாது, ஒம்பதா? அப்போ என் பாயி இன்னா இளப்பமா? புடிடி அந்த முனைய. நல்லா உதறு!”

இருவரும் உதறு உதறு என்று உதறினார்கள்.

“எட்டு... ஒம்பது... பத்து... பதினொண்ணு! நான் ஜெயிச்சிட்டேன்!” என்று அத்தை குதித்தாள். கண்டிப்பான முகத்தோடு வெளியே வந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த மாதம் வீட்டில் யாரும் சொறியவில்லை.

அடுத்த அமாவாசை வந்தது. கரி பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் அத்தை வாசல் பக்கமே போகவில்லை. பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே கொல்லைப்புறம் ஓடினாள்.

“ஏண்டி மங்க, பாறை நல்லா சுடுதா?”