மூலம்: பெட்டி ஏழு

கோப்பில் 'சோதனை' என்றுதான் எழுதியிருந்தது. திரையில் வந்த பேர் 'பகவதிப்பெருமாள்'.

ஆர்ஷா நிரலை நிறுத்தினாள். கோப்பைத் திறந்து பார்த்தாள், சேமித்தாள், மறுபடி ஓட்டினாள். பகவதிப்பெருமாள். அது அவள் அப்பா பேர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கழக்கூட்டத்து ஆபீசின் நாலாவது மாடியில் அவளைத் தவிர, தரை துடைக்கிற விஜயம் அக்கா மட்டும்தான். காலையிலிருந்து விடாத மழை கண்ணாடிச் சுவரில் வழிந்து வழிந்து வெளிச்சத்தையே கழுவி எடுத்துப் போய்விட்டது போல உள்ளே எல்லாம் சாம்பலாகக் கிடந்தது. ஏசிக் குளிரும், பினாயில் வாடையும், மூலையில் சர்வர்கள் வைத்துப் பூட்டின இரும்பு அலமாரியின் ஓயாத முனகலும் சேர்ந்து, நாலாவது மாடி என்பதே மறந்து எங்கேயோ நிலத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல அவளுக்குப் பட்டது.

வேலையும் அந்த மாதிரிதான். ஒரு ஆஸ்பத்திரியின் பிணவறைக்கான நிரல். எண் போட்ட குளிர்பெட்டிகளில் ஒன்றில் ஒரு உடலை வைத்ததும், பேரோடு உறவுக்காரருக்குச் செய்தி போகும். நிரலை நாளைக்குக் காலையில் ஒப்படைக்க வேண்டும்.

பேரும் போன் நம்பரும் அமைப்புக் கோப்பில் இருக்கும். நிரல் அதைத் தேடிப் போகாது. ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று நடுவில் நிற்கிறது. அதுவே தேடிப்பிடித்து, எங்கிருந்தாவது எடுத்துவந்து, கேட்கிற கையில் வைத்துவிடும். கோப்பு கிடைக்காமல் போனால் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த மாற்றுப் பேரைக் கொடுக்கும். ரெண்டு வருசத்துக்கு முன்னால் வேலை தொடங்கின அன்றைக்கு, மாற்றுப் பேர் என்று ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அப்போதுதான் அப்பா பேசிவிட்டு போனை வைத்திருந்தார். அந்தப் பேரையும் தன் நம்பரையும் யோசிக்காமல் அடித்துவிட்டாள்.

கூட வேலை பார்க்கிற பிரபினை போனில் கூப்பிட்டாள்.

"எடீ, பிணவறை சாஃப்ட்வேர்ல சொந்த அப்பன் பேரைப் போட்டவ நீ ஒருத்திதான்," என்று சிரித்தான். "ஃபைல் கிட்டலை, அவ்வளவுதான். மாற்றுப் பேரை அழிச்சிடு. அப்போ ஃபைல் கிட்டாம ஓடவே ஓடாது, எரர் அடிச்சு நிக்கும். எங்க தேடுதுன்னு அதுலேயே தெரிஞ்சிடும்."

அழித்தாள். ஓட்டினாள். நிற்க வேண்டிய நிரல் நிற்கவில்லை.

பகவதிப்பெருமாள். வயது 61.

வயதை அவள் எங்கேயும் எழுதியதில்லை.

அப்பா போனக்காட்டு எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். லயத்துக்குள் சிக்னல் கிடையாது. ஞாயிறுதோறும் நாலு மணிக்கு, ஃபாக்டரிக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி நின்று அவர்தான் கூப்பிடுவார். இவள் கூப்பிட்டால் கிடைக்காது. தெரிந்தும் கூப்பிட்டாள். கிடைக்கவில்லை. மணி மூன்றரை.

பழைய பிரதிகள், சர்வரில் தனியாகக் குறித்துவைத்த மதிப்புகள், குப்பையில் போட்டவை என்று, ஒரு பேர் ஒளிந்திருக்கக்கூடிய இடத்தையெல்லாம் கிளறினாள். அந்தப் பேர் எங்கேயும் இல்லை. மாற்றாக எழுதிவைத்த தன் நம்பரையும் அழித்தாள். ஓட்டினாள்.

பகவதிப்பெருமாள். வயது 61. வலது காலில் செருப்பு இல்லை.

மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. 'உடலைப் பெற்றுக்கொள்ள வரவும்.'

"மக்ளே," என்றாள் விஜயம் அக்கா பின்னாலிருந்து. ஆர்ஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்த அலமாரிக்கு அடியில எத்தனை தொடச்சாலும் வெள்ளம் வருது, கேட்டியா. ஏசிக்காரனை வரச்சொல்லு. இதென்ன, தேயிலையா? இங்க ஆரு தேயிலை கொண்டுவந்தா?"

துடைப்பத்தில் ஒட்டியிருந்தது பச்சை இலை. கொழுந்து. ரெண்டு இலையும் ஒரு மொட்டும்.

இன்னும் ஒரே ஒரு வழி பாக்கி. ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பில், எந்த வரியிலிருந்து வந்தது என்று ஃப்ரேம்வொர்க்கையே சொல்லவைக்கலாம். அடித்தாள். ஓட்டினாள்.

மூலம்: பெட்டி ஏழு.

கோப்பு இல்லை. வரி இல்லை. அவ்வளவுதான்.

நாலு மணிக்கு போன் அடித்தது. அப்பா.

"மக்கா."

"அப்பா, பாறையிலயா நிக்கிய?" உயிரோடுதான் இருக்கிறார். பேசுகிறார்.

"பாறைக்குத்தான் ஏறுனேன். வழுக்கிச்சு." மழைச் சத்தம் இல்லை. காற்று இல்லை. ஒரு முனகல் மட்டும், ஓயாமல். "இப்ப எங்க கெடக்கேன்னு தெரியல. குளுருது மக்கா. கையை நீட்டுனா தகரம் இடிக்கி."

"அப்பா—"

"ஆரோ வந்து பேரு கேட்டாவ. நான் சொல்லல. அவியளுக்கே தெரிஞ்சிருக்கு. உம்மவதான் எழுதிக் குடுத்தாள்னு சொன்னாவ."

எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். திரை இருண்டது. ஏசி நின்றது. மூலையில் முனகல் நின்றது.

போனிலும் நின்றது. அதே நொடியில்.

"அப்பா?"

தகரத்தைத் தட்டுகிற சத்தம். டக். டக். காதிலிருந்து போனை எடுத்தாள். அணைத்தாள். மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

டக். டக்.

விஜயம் அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மக்ளே, உள்ள ஆரோ தட்டுது."

பூட்டின கதவு. அதில் காற்று போக வெட்டின துளைகள். அடியில் தண்ணீர்.

ஏழாவது துளை வழியாக ஒரு விரல்நுனி வெளியே வந்தது. தேயிலைக் கறை ஏறின, தேய்ந்த நகம். குருட்டுத்தனமாகத் தடவியது. தகரத்தைத் தேடிப்பிடித்துத் தட்டியது.